கல்யாணப் படத்தில் ஆரஞ்சுக் கண்ணாடி

அன்புள்ள சரவணா,

பெங்களூரில் நீயும் நித்யாவும் வீடு பிடித்து, பால் காய்ச்சி, குடிதண்ணீர் கேனுக்கும் சொல்லிவைத்துவிட்டதாக அப்பா சொன்னார். நல்லது. இங்கே வாசலில் கட்டிய வாழைமரம் காய்ந்து தொங்குகிறது. அவிழ்த்துவிடுங்கள் என்றால் உன் அப்பா காதில் விழாத மாதிரி ஆட்டோவைத் துடைக்கப் போய்விடுகிறார். நேற்று மதியம் போட்டோக்காரத் தம்பி போன் பண்ணினான். ஆல்பம் பாதி முடிந்ததாம். "அம்மா, ரிசப்ஷன் போட்டோ எல்லாத்துலயும் நீங்க அந்த ஆரஞ்சு கண்ணாடி போட்டுகினு இருக்கீங்க. கவலப்படாதீங்க, கம்ப்யூட்டர்ல எடுத்துடலாம். காலைல எடுத்த போட்டோலருந்து உங்க கண்ண மட்டும் இங்க கொண்டாந்து வெச்சிடறேன்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். "வேணாம் தம்பி, கண்ணாடி அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவனுக்கு மனசு ஒப்பவில்லை. "பின்னாடி பாக்கறவங்க இன்னா ஏதுன்னு கேப்பாங்கம்மா" என்றான். "கேக்கட்டும், நான் சொல்லிக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு, கேட்பவர்களுக்கு என்ன சொல்வேன் என்று மெஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு வரியில் சொல்ல முடியாது. நீயும் கல்யாணத்துக்கு முன்னாலேயே, "உனக்கு வந்தது, நீ மீண்டது எல்லாத்தையும் ஒரு தடவ எழுதிக் குடும்மா, நாலு பேரு படிக்கட்டும்" என்று கேட்டிருந்தாய். அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ படித்துவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் கொடு. இதில் மறைக்க ஒன்றும் வைக்கவில்லை. நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், ஆனால் நீ அதை வெளியே நின்று பார்த்தவன். உள்ளே இருந்தவள் நான்.

நீ பன்னிரண்டாவது பரீட்சை எழுதிய வருஷம் நினைவிருக்கும். மாசி முழுக்க முகூர்த்தம். நம் ஊர் அடி அண்ணாமலையில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் ரவிக்கை நம் முன்னறைக்குத்தான் வரும். ட்யூப் லைட்டைத் தாழ இறக்கி மெஷினுக்கு நேர் மேலே கட்டச் சொல்லியிருந்தேன். தலைக்கு மேல் வெள்ளை வெளிச்சம், கீழே பட்டும் ஜரிகையும். முதலில் தூக்கம் குறைந்தது. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை, வரமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் படுத்து எழுந்தாலே உடம்பில் துளி அசதி இருக்காது. கை ஊசியை ஓட்டவில்லை, ஊசி கையை ஓட்டியது. நிறங்கள் எல்லாம் அன்றைக்குத்தான் சாயம் போட்ட மாதிரி இருந்தன. வாசலில் போகிற எல்லோரும் சொந்தக்காரர்களாகத் தெரிந்தார்கள். சரவணா, ஒன்று சொல்கிறேன், யாரும் இதை வெளியே சொல்வதில்லை. அந்த ஆரம்பம் ரொம்ப நன்றாக இருக்கும். அதனால்தான் அது ஆபத்து.

ஒரு நாள் வாசலில் நின்று மலையைப் பார்த்தேன். ஊரே சுற்றிவந்து கும்பிடுகிற உடம்பு, அதற்கு உடுத்த ஒரு துணி இல்லையே என்று தோன்றியது. தோன்றியதும் அது என் வேலை என்று முடிவாகிவிட்டது. நீ பரீட்சை எழுதிவிட்டு மதியம் வந்தபோது முன்னறை முழுக்கப் பட்டுத் துண்டுகள். தைக்கக் கொடுத்தவர்களின் துணி, என் கல்யாணப் புடவை, எல்லாவற்றையும் வெட்டிப் பரப்பியிருந்தேன். "என்னாம்மா இது?" என்றாய். "மலைக்கு ரவிக்க தெக்கறேன்டா. பௌர்ணமிக்கு வர்றவங்கல்லாம் பாக்கட்டும்" என்றேன். நீ சிரிக்கவில்லை, அழவில்லை. ஹால் டிக்கெட்டை ஜன்னலில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்தாய். நான் சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்தேன். நீ அடுக்கிக்கொண்டே அப்பாவுக்கு போன் போட்டாய். அன்று சாயங்காலம் என்னை வேலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. காய்ச்சலில் உளறியவர்கள் யாராவது மன்னிப்புக் கேட்கிறார்களா? அந்தத் தெளிவை எனக்குக் கொடுத்தது அங்கே என்னைப் பார்த்த டாக்டரம்மாதான். "இதுக்கு பைபோலார்னு பேரு. மனசு சில சமயம் தாங்க முடியாத உசரத்துக்குப் போகும், சில சமயம் எழுந்திரிக்க முடியாத பள்ளத்துக்குப் போகும். உங்க குணமும் இல்ல, யார் செஞ்ச பாவமும் இல்ல. சர்க்கரை, பிபி மாதிரி ஆயுசுக்கும் கவனிச்சுக்க வேண்டிய நோய்" என்றார். லித்தியம் மாத்திரை கொடுத்தார். ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். உயரத்திலிருந்து இறங்கினேன், இறங்கியது தரையோடு நிற்கவில்லை. அந்த வருஷம் மழைக்காலம் வரைக்கும் மெஷின் உறை போட்டபடியே கிடந்தது. பிறகு மெல்ல எழுந்து தைக்க ஆரம்பித்தபோது பருத்தித் துணி வந்தது, பள்ளிக்கூடச் சீருடை வந்தது, நைட்டி வந்தது. பட்டை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை.

வருஷங்கள் நல்லபடியாகப் போயின. நீ படிப்பு முடித்து வேலைக்குப் போனாய். மறுபடி அது வந்தது ஒரு பங்குனியில், நீ லீவில் வந்திருந்தபோது. திருவிழாவுக்கு நாடகக்காரர்களின் உடுப்பு மொத்தமாகத் தைக்க வந்திருந்தது. ட்யூப் லைட் போய் எல்.இ.டி. வந்துவிட்ட காலம், அறை பகலைவிட வெளிச்சமாக இருக்கும். உடுப்பு முடியட்டும் என்று உட்கார்ந்தவள் தினமும் தூக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டே வந்தேன். நீ வந்த அன்று சாயங்காலம் நான் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, நீ ரொம்ப வேகமாப் பேசற" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. "நான் சந்தோஷமா இருக்கக் கூடாதா? உங்களுக்கெல்லாம் நான் அழுதுகினே இருக்கணுமா?" என்றேன். "சந்தோஷமா இரும்மா. ஆனா டாக்டரப் பாத்துட்டு வந்து சந்தோஷமா இரு" என்றாய். நீ குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன்.

டாக்டரம்மா மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். பிறகு உன்னைப் பார்த்துக் கேட்டார்: "வீட்ல சாயங்காலம் எவ்வளவு வெளிச்சம்?" நீ சொன்னாய். அவர் என் பக்கம் திரும்பினார். "கண்ணு பாக்கறதுக்கு மட்டும் இல்லம்மா. இப்ப பகலா ராத்திரியான்னு மூளைக்கு சேதி சொல்றதும் கண்ணுதான். அந்தச் சேதிய ஜாஸ்தியா கொண்டுபோறது நீல வெளிச்சம். இந்த வெள்ளை லைட்டு, டிவி, செல்போன் எல்லாத்துலயும் அது இருக்கு. உங்க மூளைக்கு ராத்திரின்னே தெரியல. முன்னாடி உங்கள மாதிரி மேல ஏறிப் போறவங்கள சாயங்காலத்துலருந்து காலை வரைக்கும் இருட்டு ரூம்ல வெச்சுப் பாத்திருக்காங்க. பலன் இருந்துச்சு. ஆனா யாரு உக்காருவாங்க? அதுக்கு பதிலாத்தான் இந்த ஆரஞ்சுக் கண்ணாடி. முகத்துலயே மாட்டிக்கற இருட்டு ரூம்னு வெச்சுக்கங்க" என்றார். உடனே விரலை நீட்டி எச்சரித்தார். "இது மாத்திரைக்கு பதில் கிடையாது. மாத்திரையோட கூட. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கும்னும் சொல்ல மாட்டேன். போட்டுப் பாக்கலாம்."

நம் ஊர்க் கண்ணாடிக் கடையில் என்ன நடந்தது என்று உனக்கு மறந்திருக்காது. நீலத்தைத் தடுக்கும் என்று சொல்லி வெள்ளைக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு வந்து நூல் டப்பாவைத் திறந்து பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. டாக்டரம்மாவுக்கு நீ போன் பண்ணிக் கேட்டாய். "அது கம்ப்யூட்டர் பாக்கறவங்களுக்கு விக்கறது, அது போதாது. நீலம் கறுப்பாத் தெரியற அளவுக்கு அடர்த்தியா இருக்கணும்" என்றார். நீ தேடித் தேடி வரவழைத்தாய். பார்சலைப் பிரித்தால் இரண்டு இருந்தன. "எதுக்குடா ரெண்டு?" என்றேன். "ஒண்ணு எனக்கு" என்றாய்.

அந்த இரண்டாவது கண்ணாடிதான் என்னை வழிக்குக் கொண்டுவந்தது, சரவணா. எனக்கு மட்டும் மாட்டியிருந்தால், பைத்தியத்துக்கு அடையாளம் கட்டுகிறார்கள் என்று கழற்றி எறிந்திருப்பேன். அந்த நிலையில் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு நீ முதலில் உன்னுடையதை மாட்டிக்கொண்டு சமையலறையில் வந்து நின்றாய். நானும் மாட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். சோறு மஞ்சளாக இருந்தது, ரசம் இன்னும் கறுப்பாக இருந்தது. உன் அப்பா வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்து பார்த்து, "ஆத்தாளும் மகனும் வெல்டிங் வேலைக்குக் கெளம்பிட்டீங்களா?" என்றார். எத்தனையோ நாளாக அவர் விளையாட்டாக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மூன்று பேரும் சிரித்தோம். அப்புறம் நடந்தது எனக்கே ஆச்சரியம். அந்த வாரம் முடிவதற்குள், கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்த கை மெல்ல விட்ட மாதிரி இருந்தது. சாயங்காலத்தில் கொட்டாவி வந்தது. கொட்டாவி வந்ததற்கு நீ கை தட்டினாய். அந்தத் தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியே வரவில்லை. மாத்திரை கூட்டியதாலா, கண்ணாடியாலா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "ரெண்டும்தான். தூக்கம் வந்துச்சு பாருங்க, அதுதான் நமக்கு வேணும்" என்றார்.

நீ லீவு முடிந்து போனபின் நான்தான் அதோடு குடித்தனம் பண்ண வேண்டியிருந்தது. முதல் மாதமே வம்பில் மாட்டிக்கொண்டேன். ஒரு டீச்சரம்மாவின் கருநீல ரவிக்கைக்கு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாயங்காலத்தில் கறுப்பு நூலை ஓட்டிவிட்டேன். காலையில் வெயிலில் விரித்துப் பார்த்தால் தெருவுக்கே தெரிகிறது. பிரித்துத் தைத்தேன். அன்றிலிருந்து நிறம் பார்க்கிற வேலை, வெட்டுகிற வேலை எல்லாம் பகலில் முடிந்துவிட வேண்டும். பொழுது சாய்ந்தால் கொக்கி வைப்பது, ஓரம் மடிப்பது, அதுவும் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கில். படுக்கிற அறைக்குக் குடைத் துணியில் திரை தைத்துப் போட்டேன். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதை முழுக்க வெள்ளை விளக்கும் ஸ்பீக்கரும் கூட்டமுமாக இருக்கும், அப்பா ஆட்டோவோடு போய்விடுவார். நான் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். ஊரே விழித்திருக்கிற நாளில் நான் மட்டும் தூங்குவது முதலில் குற்றம் செய்கிற மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது. சாமி என்னைத் தேடினால் வீடு அவருக்குத் தெரியும்.

தெருவில் கேட்காத ஆள் இல்லை. எதிர்வீட்டுச் சாந்தி, "இன்னாக்கா, ஆசிரமத்து வெள்ளக்காரங்க மாதிரி கலர் கண்ணாடி?" என்றாள். பூக்காரம்மா கண் ஆபரேஷனா என்று கேட்டார். முதலில் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பொய் எனக்கே அலுத்துவிட்டது. சாந்தியிடம் ஒரு நாள், "தூக்கத்துக்குப் போடறேன்டி. தூக்கம் கெட்டா எனக்கு பழயபடி ஆயிடும், உனக்குத்தான் தெரியுமே" என்றேன். அவள், "அன்னிக்கு என் பட்டையும்தான் வெட்டிட்ட" என்றாள். பிறகு, "ஆறு மணிக்கு நீ இத மாட்டலன்னா நான் வந்து சொல்லட்டுமா?" என்று கேட்டாள். இன்றைக்கும் வேலியோரம் நின்று, "கண்ணாடிக்காரம்மா, நேரமாச்சு" என்று குரல் கொடுக்கிறாள்.

எல்லா நாளும் ஏறுமுகமாக இருந்தது என்று எழுதினால் பொய். ஒரு மார்கழியில் மனசு கனத்துப்போனது. குளிக்கப் பிடிக்கவில்லை, யார் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கண்ணாடியை நான் அதிக நேரம் போட்டுக்கொண்டு, விடிந்த பிறகும் திரை போட்ட அறையிலேயே கிடந்தேன். டாக்டரம்மாவுக்குச் சொன்னதும், "மனசு கீழ போகுதுன்னா கண்ணாடி நேரத்தக் கம்மி பண்ணணும், காலைல வெயில்ல உக்காரணும். நீங்களா ஜாஸ்தி பண்ணாதீங்க, நீங்களா நிறுத்தவும் பண்ணாதீங்க. சொல்லிட்டுப் பண்ணுங்க" என்றார். அப்பா தினமும் காலையில் என்னை ஆட்டோவில் ஏற்றி ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போய், டீ வாங்கிக் கொடுத்து, வெயிலில் உட்கார வைத்தார். தை பிறப்பதற்குள் எழுந்துவிட்டேன். ராத்திரி இருட்டாக இருக்க வேண்டும், பகல் வெளிச்சமாக இருக்க வேண்டும். எனக்கு மருத்துவம் என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தது கடைசியில் இவ்வளவுதான்.

கார்த்திகை தீபத்தை எழுதாமல் விட மாட்டேன். கண்ணாடி வந்த பிறகு வந்த முதல் தீபத்தன்று எனக்குள் ஒரு துக்கம் இருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற தீபத்தை இனி ஆரஞ்சுக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டுமா என்று. மொட்டை மாடியில் கண்ணாடியோடுதான் நின்றேன். தெருவிளக்கு மங்கியிருந்தது, கடைகளின் வண்ண பல்புகள் பாதி அணைந்த மாதிரி இருந்தன, வானம் இருண்டிருந்தது. மலை உச்சியில் தீபம் ஏறியது. அது மட்டும் மங்கவில்லை. நான் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு தடவை பார்த்தேன், மாட்டிக்கொண்டு ஒரு தடவை பார்த்தேன். நெருப்பின் நிறம் இரண்டிலும் ஒன்றுதான். உனக்கு போன் பண்ணி, "டேய், தீபம் அப்படியேதான் தெரியுது" என்று சொன்னேன். நீ மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. நீ அழுதாய் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு நித்யா வந்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பெண், உன் ஆபீஸிலேயே வேலை, ஊருக்கு வரும்போது ஒரே பஸ்ஸில் பழக்கம். அவளிடம் என்னைப் பற்றி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டதாகச் சொன்னாய். அவர்கள் வீட்டில் சொல்லப்போகிறேன் என்றபோதுதான் நான் பயந்தேன். "கல்யாணம் முடியட்டும்டா, அப்புறம் சொல்லிக்கலாம்" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். நீ கேட்கவில்லை. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நாள் குறிக்க அவர்கள் வந்தபோது, நித்யாவின் அப்பா வழக்கம்போல விடியற்காலை முகூர்த்தம் என்றார். நீ, "மாமா, காலைல ஒம்போதுக்கு மேல வெக்கணும்" என்றாய். அவர் சிரித்தார். "எங்க பக்கம் இருட்டோட தாலி கட்டினாத்தான் கல்யாணம்." நீ நேராக உட்கார்ந்து சொன்னாய்: "எங்கம்மாவுக்கு பைபோலார்னு ஒரு நோய் இருக்குது மாமா. மாத்திரை சாப்புடறாங்க, நல்லா இருக்காங்க. தூக்கம் கெட்டா நோய் திரும்பும். கல்யாணத்தன்னிக்கு அம்மா தூங்கி எழுந்து வரணும்." அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்தார். பல நாள் அங்கிருந்து போன் வரவில்லை. நித்யா உன்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் வீட்டில் அவளோடு யாரும் பேசவில்லை. என்னால் மகனுடைய வாழ்க்கை போயிற்று என்று நான் உருகிப்போனேன். நீ போனில், "சொல்லாம கட்டிகினா தெனமும் பயந்துகினு இருக்கணும்மா. சொல்லிட்டு கட்டிகினா ஒரே நாள் பயம்" என்றாய். இப்போதும் அது என் காதில் இருக்கிறது.

ஒரு சாயங்காலம் வாசலில் ஒரு குரல். நித்யாவின் அம்மா, தனியாக, கையில் ஒரு துணிப்பை. பஸ்ஸில் வந்திருக்கிறார். நான் மஞ்சள் விளக்கில் கண்ணாடியோடு கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கழற்றிவிடலாமா என்று கை போனது, ஆனால் வந்தவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். "இருக்கட்டும்க்கா, போட்டுக்கங்க. மாப்ள சொன்னாரு" என்றார். மாப்பிள்ளை என்ற வார்த்தை என் காதில் விழுந்தது, ஆனால் நம்பத் துணியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். அவர் சுற்றிவளைக்கவில்லை. "எம் பொண்ணுக்குப் பொறக்கற புள்ளைங்களுக்கு இது வருமாக்கா?" என்று கேட்டார்.

என்ன சொல்வது? வராது என்று சொல்ல நாக்கு துடித்தது. "வரலாம், வராமலும் போவலாம்" என்றேன். "எங்க சரவணனுக்கே வரலாம். ஆனா வந்தா இன்னா பண்ணணும்னு எங்க வீட்டுக்குத் தெரியும். எனக்கு வந்தப்போ யாருக்கும் தெரியல, அதான் கஷ்டப்பட்டோம். இப்போ ஒரு கொட்டாவி கொறஞ்சாலே கண்டுபுடிச்சிடுவோம்." அவர், "அத ஒரு தடவ குடுங்க" என்று என் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். அறையைச் சுற்றிப் பார்த்தார், தன் புடவையைப் பார்த்தார், "ஐயோ, எம் பச்சப் புடவ இன்னா ஆச்சு" என்று சிரித்துவிட்டார். பிறகு கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்தார். "எங்க ஊட்டுல யாருக்கு இன்னா வந்தாலும் மூடித்தான் வெப்போம்க்கா. எங்க நாத்தனார் ஒருத்தி இருந்தா. இன்னா நோய்னே கடைசி வரைக்கும் யாரும் கேக்கல. நீங்க சொன்னீங்க. உங்க புள்ள எங்க வூட்டுக்காரர் மூஞ்சப் பாத்துச் சொன்னாரு. அப்படிப்பட்ட வீட்டுக்கு எம் பொண்ண அனுப்பறதுக்கு எனக்கு பயம் இல்ல" என்றார். அதோடு துணிப்பையைத் திறந்தார். மேலே வறுத்த மல்லாட்டைக் கடலை. அடியில் அரக்கு நிறத்தில் பட்டு. "முகூர்த்த ரவிக்க நீங்கதான் தெக்கணும்."

சரவணா, அந்தத் துணியை நான் உடனே வாங்கவில்லை. "நான் பட்ட வெட்டினவ. உங்களுக்கு அதுவும் தெரியுமா?" என்று கேட்டேன். "அதுவும்தான் மாப்ள சொன்னாரு" என்றார். வாங்கிக்கொண்டேன். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தபின், பட்டை இரண்டு கையிலும் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து பார்த்துப் பயந்துவிட்டார். "குடுத்தாங்க, எனக்குக் குடுத்தாங்க" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அதை முழுக்கப் பகல் வெளிச்சத்தில்தான் தைத்தேன். கத்தரியைத் தயங்காமல் வைத்தேன். அளவு பிசகவில்லை. நித்யா போட்டுப் பார்த்து, நிலைக்கண்ணாடி முன் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே, அந்த ஒரு பார்வைக்கு என் கூலி தீர்ந்துவிட்டது.

முகூர்த்தம் நீ கேட்ட நேரத்துக்கே வைத்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன். மண்டபத்தில் போட்டிருந்த விளக்குக்குப் பகல் தோற்றுப்போகும். நான் பட்டுப்புடவையும் மல்லிகையும் ஆரஞ்சுக் கண்ணாடியுமாக மேடை ஏறினேன். கீழே நாற்காலிகளில் தலைகள் திரும்பின. போட்டோக்காரத் தம்பி, "மாப்ள அம்மா, கண்ணாடிய கொஞ்சம் கழட்டிடுங்க" என்றான். ஒரு நிமிஷம் கழற்றினால் ஒன்றும் ஆகிவிடாது, அது எனக்குத் தெரியும். என் கை கண்ணாடிக்குப் போயும் விட்டது. நித்யா அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கி, தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "அத்த இப்படித்தான் இருப்பாங்க. எடுங்கண்ணா" என்றாள். இப்போது தெரிகிறதா, அந்தப் படத்தில் யாரும் ஏன் கை வைக்கக் கூடாது என்று?

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போதே நான் கிளம்பினேன். உன் பெரியத்தை, "மாப்ள அம்மா மண்டபத்துல தங்காம போறதா, ஊர் இன்னா சொல்லும்?" என்று வழியை மறித்தாள். நீ மாலையோடு இறங்கி வந்து, "அத்த, அம்மா போயி தூங்கட்டும். காலைல மொத ஆளா வருவாங்க" என்றாய். அப்பா ஆட்டோவை எடுத்தார்.

நீ பெரியவனாகிவிட்டாய், இனி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இரண்டே இருக்கின்றன. என்றைக்காவது உனக்கும் தூக்கம் குறைந்து, அசதி இல்லாமல், உலகமே அழகாகத் தெரிந்தால் அதை வரமென்று நினைத்து ஒளித்துவைக்காதே, நித்யாவிடம் சொல். அவள் உன்னிடம் "நீ வேகமாப் பேசற" என்று சொன்னால் கோபித்துக்கொள், பரவாயில்லை, ஆனால் கூடவே கிளம்பிப் போ. நான் பிழைத்தது மாத்திரையாலும் கண்ணாடியாலும் மட்டும் இல்லை, சொல்கிறவர்கள் வீட்டில் இருந்ததாலும், கடைசியில் நான் கேட்டதாலும்தான்.

எனக்கு இது வந்த பிறகு நம் சொந்தத்தில் நடந்த எந்தக் கல்யாணத்தையும் நான் முழுசாகப் பார்த்ததில்லை. ஒன்று வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள், இல்லையென்றால் நானே பயந்து போக மாட்டேன். உன் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது கண்ணாடி இல்லாத கண்ணோடு, காலை வெயில் விழுந்த மேடையில், உன் பக்கத்தில் நின்றேன். நீ மூன்று முடிச்சும் போட்டு முடித்து, இருவரும் என் காலில் விழுந்து எழுந்தீர்கள். நீ என் காதருகே குனிந்தாய். ஆசி கேட்கப்போகிறாய் என்று நினைத்துத் தலையில் கை வைத்தேன். "ராத்திரி தூங்குனியாம்மா?" என்று கேட்டாய்.

"தூங்குனேன்டா. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனேன்" என்றேன்.

உன் கண் நிறைந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் நான் என்னவோ பெரிய வாழ்த்துச் சொன்னேன் என்று நினைத்து, அட்சதையை இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார்கள்.

உன் அம்மா